காய்ச்சலுக்கு ‘ஒரு செட்’ மாத்திரை: ஆன்டிபயாடிக்கை மக்கள் ஏன் கேட்டு வாங்குகிறார்கள்?

பாலக்கோடு பக்கத்தில் மகளிர் சுயஉதவிக் குழு நடத்தும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “எங்கள் குழுவில் யார் வீட்டில் சளி, காய்ச்சல் வந்தாலும் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கொஞ்சம் சுகமானதும் நிறுத்திவிடுகிறார்கள். மீதியை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கிறார்கள். டிகிரி படித்த பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். விழிப்புணர்வு இல்லாததுதான் காரணமா?”

விழிப்புணர்வுக் குறைவும் ஒரு காரணம்தான். ஆனால் அதை முதல் காரணமாக வைத்துப் பேசினால் உங்கள் குழுவில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். நான் மருந்தாளுநர். தருமபுரியில் தனியார் மெடிக்கலிலும், பிறகு அரசு மருந்தகத்திலும் வேலை பார்த்தவன். மாத்திரை கொடுக்கும் இடத்தில் நின்று பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: ஆன்டிபயாடிக் கேட்டு வருகிறவர், நாளைக்கு வேலைக்குப் போய்விடலாம் என்ற உறுதியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார். நோய் என்ன, கிருமி என்ன என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் நின்றால் இது கண்ணெதிரே நடக்கும். ஊருக்கு வந்துவிட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குத் திரும்புகிறவர்கள் தோளில் பையோடு வருவார்கள். டாக்டர்களின் கிளினிக் பெரும்பாலும் மூடியிருக்கும். “அண்ணா, உடம்பெல்லாம் வலி, தொண்டை கரகரன்னு இருக்கு. நாளைக்குக் கான்கிரீட் போடறோம், லீவு போட முடியாது. நல்ல பவரா ஒரு செட் குடுங்க.” கடைக்காரர் கத்தரிக்கோலை எடுப்பார். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு இரண்டாக வெட்டுவார். ஒரு பாராசிட்டமால், சளிக்கு ஒரு செட்ரிசின், வயிற்றுக்கு ஒரு கேஸ் மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக். சில கடைகளில் இத்தோடு குட்டியாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் சேரும். எல்லாம் ஒரு சின்ன காகிதக் கவருக்குள் போய்விடும். அந்தக் கவரில் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. காலை, ராத்திரி என்று பேனாவில் இரண்டு கோடு கிழித்திருக்கும், அவ்வளவுதான்.

அந்தத் தம்பியின் நிலையில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. மேஸ்திரியிடம் பேச்சு வாங்கவேண்டும். டாக்டரிடம் போனால் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மருந்து, பஸ் செலவு. செட் மாத்திரைக்கு ஆகும் காசு இதில் கால்வாசிகூட வராது. சித்தேரி மலையிலிருந்து அரூருக்கோ, அஞ்செட்டி பக்கத்துக் கிராமங்களிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கோ வந்து திரும்புகிறவர்களுக்குப் பாதி நாளுக்கு மேல் போய்விடும். அவர்கள் இருக்கும் நிலைமைக்கு அந்த முடிவு நியாயமாகத்தான் தெரியும். அதை முட்டாள்தனம் என்று நாம் சொல்லிவிடக் கூடாது.

சரி, செட் மாத்திரை வேலை செய்கிறதே, அது எப்படி? இங்கேதான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நாளில் தானாகவே இறங்கிவிடும். முதல் இரண்டு நாள் மக்கள் கஷாயம், ஆவி பிடிப்பது என்று ஓட்டுவார்கள். மூன்றாம் நாள் பொறுமை போய் மாத்திரை வாங்குவார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விடும். விட்டது உடம்பின் எதிர்ப்புச் சக்தியால். வலியும் சூடும் தணிந்தது பாராசிட்டமாலால், சில நேரம் அந்த ஸ்டீராய்டால். பெயர் மட்டும் ஆன்டிபயாடிக்குக்குப் போகிறது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டும்தான் கொல்லும். சளி, சாதாரண ஃப்ளூ, டெங்கு இவற்றுக்குக் காரணமான வைரஸை அது தொடக்கூடச் செய்யாது. ஆனால் ஐந்து தடவை மாத்திரை போட்டு ஐந்து தடவையும் சுகமான ஒருவரிடம் போய் ‘அது வேலை செய்யவில்லை’ என்றால் எப்படி நம்புவார்? அவருடைய சொந்த அனுபவமே நமக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே.

இருமல் விஷயத்தில் இது இன்னும் மோசம். வைரஸ் சளிக்குப் பிறகு வரும் இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். மக்களோ ஒரு வாரத்தில் போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எட்டாம் நாளும் இருமினால் ‘சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது’ என்று அடுத்த மாத்திரைக்குப் போகிறார்கள். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் ஆன்டிபயாடிக் போட்டே ஆகவேண்டும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் இருந்து வரும் நிறம் அது. வைரஸ் சளியிலும் அப்படித்தான் வரும். நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்தப் பழக்கத்தை மக்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் துறையிடம் இருந்துதான் கற்றுக்கொண்டார்கள். இதைச் சொல்லாமல் மக்களை மட்டும் குறை சொல்வது அநியாயம். போன வருஷம் டாக்டர் எழுதிய சீட்டு மணிபர்ஸில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். “இதே மாத்திரைதான், போன தடவை கேட்டுச்சு” என்று நீட்டுவார்கள். அந்தச் சீட்டில் அன்று சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதியதே தேவையில்லாமல் இருந்திருக்கலாம். சாயந்திர ஓ.பி.யில் வெளியே ஐம்பது பேர் காத்திருக்க, ‘இது வைரஸ், ரெண்டு நாள் பொறுங்கள்’ என்று விளக்க ஒரு நோயாளிக்குப் பத்து நிமிஷம் வேண்டும். எழுதிக் கொடுக்க அரை நிமிஷம் போதும். ஊசி போடாமல், மாத்திரை எழுதாமல் அனுப்பினால் ‘அந்த டாக்டருக்குக் கைராசி இல்லை’ என்று அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார்கள் என்ற பயமும் டாக்டர்களுக்கு இருக்கிறது. டிகிரியே இல்லாமல் ஊசி போடும் போலி மருத்துவர்கள் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிடிபடுவது செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிறவர், கடன் சொல்பவரையும் திருப்பி அனுப்பாதவர் என்பதால்தான் அவர்களிடம் போகிறார்கள்.

இதில் டைபாய்டு ஒரு தனிக் கதை. காய்ச்சலோடு லேபுக்குப் போனால் டைபாய்டுக்கான ‘வைடால்’ என்ற ரத்த டெஸ்ட் எடுப்பார்கள். பழைய தொற்றாலோ வேறு காய்ச்சலாலோகூட அதில் பாசிட்டிவ் வரலாம். ஒரே ஒரு வைடால் ரிசல்ட்டை வைத்து டைபாய்டு என்று முடிவு செய்யக் கூடாது, ரத்தத்தில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர்தான் சரியான பரிசோதனை. ஆனாலும் ‘உங்களுக்கு டைபாய்டு இருக்கு’ என்று பல நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். கொரோனா காலம் இன்னொரு பாடத்தைப் பதியவைத்துவிட்டுப் போனது. அப்போது அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வீட்டுக்கு வீடு நுழைந்தது. கொரோனாவுக்கு அதனால் பலன் இல்லை என்று 2021-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டின. அந்தச் செய்தி யாரையும் போய்ச் சேரவில்லை. மருந்தின் பெயர் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆன்டிபயாடிக்குகள் ‘ஷெட்யூல் ஹெச்’ பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2012-இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்க ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. அதற்கு அடுத்த வருஷம் மத்திய அரசு ‘ஹெச்1’ என்று இன்னும் கடுமையான பட்டியல் ஒன்றை அறிவித்து, 2014 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அதில் வருகின்றன. விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். 2016-இல் ‘அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள்’ என்று பிரச்சாரமும் நடந்தது. ஆனால் செட் மாத்திரையாக வெட்டிக் கொடுத்தால் சிவப்புக் கோடு எங்கே போய்ச் சேரும்? அட்டை கடையிலேயே தங்கிவிடும். நோயாளி கைக்கு வருவது பெயர் பாதி அறுந்த துண்டு. முழுதாக வந்தாலும் எழுத்தெல்லாம் ஆங்கிலம்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நெருக்கடி உண்டு. ஒரே தெருவில் நான்கு மெடிக்கல் இருந்தால், சீட்டு கேட்கிற கடையை விட்டுவிட்டுக் கேட்காத கடைக்குக் கூட்டம் போகும். மருந்தாளுநர் சான்றிதழ் சுவரில் தொங்க, மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் வேலைக்கு இருக்கும் பையனாக இருப்பதும் உண்டு. தனி ஒருவர் நேர்மையாக இருந்தால் அவருக்கு நஷ்டம். எல்லாக் கடையும் சேர்ந்து கேட்டால்தான் இது நிற்கும். கேரளத்தில் 2024-இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று சீட்டில்லாமல் விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்ய ஆரம்பித்தார்கள். நம் ஊரிலும் அப்படி மொத்தமாகச் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்து மொத்தமாக வாங்கி, பரிசோதித்து அனுப்புகிறது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் 2022-இல் வந்துவிட்டது. ஆனால் “ஜி.எச். மாத்திரையில் பவர் இல்லை” என்ற பேச்சு இன்னும் போகவில்லை. பளபளப்பான அட்டையில் வராததால், விலை இல்லாததால் மதிப்பும் இல்லை என்று நினைக்கிறார்கள். அடுத்து நேரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் பகலில், கூலி வேலை நடக்கிற அதே நேரத்தில். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது, மக்களும் விடாமல் சாப்பிடுகிறார்கள். வழி சுலபமாக இருந்தால் மக்கள் சரியானதைச் செய்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பாதியில் நிறுத்துவதைக் கேட்டிருந்தீர்கள். சுகமாகிவிட்டது, இனி எதற்கு என்பது முதல் காரணம். மாத்திரை சூடு, வயிற்றைப் புரட்டுகிறது, வாய் கசக்கிறது என்பது அடுத்தது. அப்புறம், ஒரு அட்டையை அண்ணன் பாதி, தம்பி பாதி என்று பங்கு போடுவதும் நடக்கிறது. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். எல்லா நோய்க்கும் நீண்ட நாள் சாப்பிடவேண்டும் என்பதில்லை. பல தொற்றுகளுக்கு மூன்று அல்லது ஐந்து நாளே போதும் என்று இப்போது தெரியவந்திருக்கிறது. காசநோய் என்றால் மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டாகவேண்டும். எத்தனை நாள் என்பதை நோயைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யவேண்டும். நம் உடம்பு கொஞ்சம் லேசானதை வைத்து நாமே முடிவு செய்யக் கூடாது.

மீதியில் மிக ஆபத்தானது குழந்தைகளின் சிரப். ஆன்டிபயாடிக் சிரப் பெரும்பாலும் பவுடராக வரும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கவேண்டும். கலக்கிய பிறகு பல மருந்துகளுக்கு ஆயுள் ஒரு வாரம்தான். ஆனால் பெரிய பிள்ளைக்கு ஆடியில் வாங்கிய பாட்டிலை ஐப்பசியில் சின்ன பிள்ளைக்குக் கொடுப்பார்கள். பாட்டிலில் போட்டிருக்கும் காலாவதித் தேதி இரண்டு வருஷம் தள்ளி இருக்கும், அதைக் காட்டி நம்மிடம் வாதாடுவார்கள். அந்தத் தேதி கலக்காத பவுடருக்கு. உங்கள் கூட்டத்தில் இந்த ஒன்றைச் சொன்னாலே பல வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள்.

“என் உடம்புக்கு அது பழகிடுச்சு, அடுத்த பவர் குடுங்க” என்று கேட்பவர்களும் நிறைய. பழகிப்போவது உடம்பு அல்ல, உடம்புக்குள் இருக்கும் கிருமி. ஒவ்வொரு தேவையில்லாத மாத்திரையும் குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் பலவீனமானவற்றைக் கொன்று, மருந்துக்கு மசியாதவற்றை மிச்சம் வைக்கிறது. அவை பெருகி, அதே வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் பரவும். அதனால் மாத்திரையே போடாத பாட்டிக்கு நீர்க்கடுப்பு வரும்போது சாதாரண மாத்திரை கேட்காமல், ஊசிக்காக ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வருகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பிரசவம், ஆபரேஷன், கேன்சர் சிகிச்சை எல்லாம் ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன.

கண்டபடி போடுவதால் உடனடியாக வரும் ஆபத்தும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் பக்கம் காட்டோரம், புதர்க்காட்டில் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கு, விறகு பொறுக்குகிறவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வரலாம். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. அக்குளிலோ இடுப்பிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுப்பாக ஒரு பொருக்கு சிலருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. இதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த ஆன்டிபயாடிக் சரியான நேரத்தில் கொடுத்தால் உயிர் பிழைத்துவிடும். கடையில் கொடுக்கும் செஃபிக்ஸிமும் அமாக்ஸிசிலினும் இதற்கு வேலை செய்யாது. ‘ஆன்டிபயாடிக்தான் போட்டாச்சே’ என்று ஐந்து நாள் வீட்டில் இருந்துவிட்டால், அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். காசநோயும் அப்படியே. லீவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையால் இருமல் கொஞ்சநாள் அடங்கும், நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், அதற்குள் வீட்டில் நாலு பேருக்குப் பரவும்.

உங்கள் குழுவில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் இதைப் பேசுங்கள். மடிவீக்கத்துக்குக் காம்பில் ஏற்றும் மருந்தும் ஆன்டிபயாடிக்தான். மருந்து கொடுக்கும் நாட்களிலும், முடிந்த பிறகு லேபிளில் போட்டிருக்கும் நாட்கள் வரைக்கும் அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது, வீட்டுக் குழந்தைக்கும் காய்ச்சக் கூடாது. இதிலும் காரணம் வருமானம்தான், பத்து லிட்டர் பாலைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்? கால்நடை மருத்துவரிடம் ‘எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது’ என்று கேட்டு, அதைச் சுவரில் எழுதி வையுங்கள். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழி, கால்நடைத் தீவனத்தில் கலப்பதை இந்தியா 2019-இல் தடை செய்ததும் இந்தக் கவலையால்தான்.

கூட்டத்தை எப்படி நடத்தலாம் என்று கேட்டால், நான் பேச்சை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்வேன். எல்லாவற்றையும் பாயில் கொட்டச் சொல்லுங்கள். சிவப்புக் கோடு எதில் இருக்கிறது, பாதி அட்டை யாரிடம் இருக்கிறது, பழைய சிரப் எத்தனை என்று அவர்களே பார்க்கட்டும். கிராம சுகாதார செவிலியரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள். டாக்டரிடம் போனால் என்ன கேட்கவேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள்: “சார், இது வைரஸா? ஆன்டிபயாடிக் இல்லாமல் ரெண்டு நாள் பார்க்கலாமா? என்ன ஆனா உடனே வரணும்?” இப்படிக் கேட்டால் டாக்டருக்கும் எழுதாமல் இருக்கத் தைரியம் வரும். காத்திருக்கும் நாட்களில் பாராசிட்டமால், கஞ்சி, உப்புத்தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பது போதும். வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். முக்கியம், குழந்தைக்கு அதோடு ஜிங்க் மாத்திரையும் வேண்டும்.

மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு தடுமாற்றம், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, ரத்தக் கசிவு, மூன்று நாள் தாண்டியும் விடாத காய்ச்சல், கறுப்புப் பொருக்கு இதில் எது வந்தாலும் மெடிக்கலுக்கு அல்ல, நேராக ஆஸ்பத்திரிக்கு. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோயா என்று பார்க்கவேண்டும், அரசு மருத்துவமனையில் அதற்கான சளிப் பரிசோதனை இலவசம். ராத்திரியிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது, மருத்துவ ஆலோசனை சொல்வார்கள். அந்த எண்ணை ஒவ்வொருவர் போனிலும் கூட்டம் முடிவதற்குள் பதிய வைத்துவிடுங்கள்.